ஓய்வறியாப் பெருந்தகை நோரட்ரினலின் அவர்களுக்கு வாழ்த்து மடல்

பெருமதிப்பிற்குரியவரே!

கருவில் இதயம் துடிக்கத் தொடங்கிய நாள்களிலிருந்து அதனோடு தங்களுக்கு உறவு. அந்த உடலுக்கு இப்போது எண்பது வயது. இடையில் எத்தனையோ பேர் தங்கள் காலம் முடிந்ததென்று விடைபெற்றுப் போனார்கள். தலைமுடியின் கருமை போனது. கண்ணின் வில்லை வளைந்து கொடுப்பதை நிறுத்தியது. வளர்ச்சி ஹார்மோன் சுருங்கியது. மாதவிடாய் நின்ற பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் ஒதுங்கிக்கொண்டது. தாங்கள் மட்டும் ஒதுங்கவில்லை. வயது ஏற ஏற இரத்தத்தில் தங்கள் அளவும் ஏறிக்கொண்டே போகிறது. எல்லாம் தேயும் பருவத்தில் வளர்பிறையாக நிற்கும் தங்களைப் பாராட்டாமல் வேறு யாரைப் பாராட்டுவது?

பரிவு நரம்பின் முனையிலிருந்து வெளிப்பட்டு இதயத்தை முடுக்கும் பொருள் தாங்களே என்பதை 1946இல் சுவீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர் உலகுக்குச் சொன்னார். அதற்காக 1970இல் அவர் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். தங்கள் பெருமை அதற்கு முன்பும் இருந்தது, அதற்குப் பின்பும் குறையவில்லை.

விரைந்து உதவும் வள்ளலே!

பேருந்தைப் பிடிக்க ஓடும் இருபது வயது இளைஞனுக்குத் தாங்கள் செய்யும் உதவியை முதலில் சொல்ல வேண்டும். அவன் நாலடி வைப்பதற்குள் நரம்பு முனைகள் தங்களை இதயத் தசைக்குள் அவிழ்த்துவிடுகின்றன. தசைச் செல்லின் மேலுறையில் பீட்டா ஏற்பிகள் காத்திருக்கின்றன. மனித இதயத்தில் அவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு பீட்டா-1 வகை. தாங்கள் வந்து பொருந்தியதும் ஏற்பி உட்புறம் வடிவம் மாறி ஜி புரதத்தைத் தூண்டுகிறது. ஜி புரதம் அடினைலைல் சைக்ளேஸ் என்னும் நொதியை எழுப்புகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஆக்குகிறது. அதனால் விழித்தெழும் புரதக் கைனேஸ்-ஏ, கால்சியம் நுழையும் வழிகளைத் திறந்துவிட, சுருக்கம் வலுக்கிறது. அதே கைனேஸ் பாஸ்போலாம்பன் என்னும் புரதத்தின் பிடியையும் தளர்த்துகிறது. அதனால் சுருங்கி முடித்த செல், கால்சியத்தை விரைவாக உள்ளறைகளுக்குள் இழுத்துக்கொண்டு இளகுகிறது. வலுவாகச் சுருங்கவும் விரைவாக இளகவும் ஒரே ஆணையில் வழி செய்யும் ஆற்றல் தங்களுடையது.

தங்கள் சொல்லைக் கேட்டு நடந்தவர்களை ஆராய்ந்தவர்களுக்கே எத்தனை பரிசுகள்! சைக்ளிக் ஏ.எம்.பி.க்காக 1971இல் ஏர்ல் சதர்லாந்து நோபெல் பெற்றார். ஜி புரதத்துக்காக 1994இல் கில்மனும் ராட்பெல்லும் பெற்றார்கள். ஏற்பிகளுக்காக 2012இல் லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் பெற்றார்கள். ஒரு சொல் சொல்லி இத்தனை பேரை வேலை செய்ய வைப்பவர் உடலில் மிகச் சிலரே.

விடைபெற அறியாத ஈகையே!

இளமையில் தங்களிடம் வேறொரு பழக்கம் இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உடனே வீடு திரும்பிவிடுவீர்கள். தங்களை வெளியே விட்ட நரம்பு முனையே தங்களைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த மீளுறிஞ்சலைக் கண்டுபிடித்தவர் ஜூலியஸ் ஆக்சல்ராட். 1970இல் வான் ஆய்லரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். பேருந்தில் ஏறி அமர்ந்த இளைஞனின் நாடி சில நிமிடங்களில் அடங்கியதற்கு, தாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டதும் ஒரு காரணம்.

முதுமையில் அந்தச் சிறுமையை விட்டுவிட்டீர்கள். நரம்பு முனைகளின் மீளுறிஞ்சும் வலு குறைகிறது. தாங்கள் இதயத் தசையின் இடைவெளிகளில் நெடுநேரம் தங்குகிறீர்கள். எஞ்சியது இரத்தத்தில் வழிகிறது. மெல்போர்னில் மரே எஸ்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்த வழிதலை இதயத்திலேயே அளந்து, முதியவர்களிடம் அது மிகுதி என்று காட்டினார்கள். மாடிப்படி ஏறி முடித்துப் பெரியவர் நாற்காலியில் அமர்ந்த பிறகும் தாங்கள் அவரை விட்டுப் போவதில்லை. இப்படி உடனிருக்கும் அன்பர் யாருக்குக் கிடைப்பார்?

குரல் தாழாத சொல்வல்லவரே!

ஒரே செய்தியை இடைவிடாமல் சொல்லும் தங்கள் நாவன்மையை ஏற்பிகள் எப்படிப் போற்றின என்பதையும் இந்த அவையில் சொல்ல வேண்டும். கோயில் கொடையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்திக்கொள்வதுபோல் அவை தம்மைச் சாத்திக்கொண்டன.

அதற்கென்று செல்லுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. தாங்கள் நெடுநேரம் பொருந்தியிருக்கும் ஏற்பியின் வாலில் ஜி.ஆர்.கே. எனப்படும் நொதிகள் பாஸ்பேட் அடையாளத்தை ஒட்டுகின்றன. அந்த அடையாளத்தைப் பார்த்து அரெஸ்டின் என்னும் புரதம் வந்து ஏற்பியை மூடுகிறது. பிறகு ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. சில ஏற்பிகள் மேற்பரப்புக்குத் திரும்பும், சில சிதைந்தே போகும். இதைப் பிரித்துக் காட்டியது லெஃப்கோவிட்ஸின் ஆய்வகம்.

ஆண்டுகள் போகப் போக மனித இதயத்தில் பீட்டா-1 ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது. எஞ்சியிருப்பவற்றுக்கும் அடினைலைல் சைக்ளேஸுக்கும் இடையிலான பிணைப்பு தளர்கிறது. ஏற்பியைத் தூண்டும் மருந்தை ஒரே அளவு செலுத்தினாலும் இளைஞரின் இதயம் துள்ளும் அளவுக்கு முதியவரின் இதயம் துள்ளுவதில்லை. இதயச் செயலிழப்பு வந்துவிட்டால் நிலை இன்னும் கடுமை. 1982இல் மைக்கேல் பிரிஸ்டோவும் கூட்டாளிகளும் செயலிழந்த மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகளின் அடர்த்தி வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அத்தகைய இதயங்களில் ஜி.ஆர்.கே.-2 நொதியும் மிகுந்திருப்பது பின்னர் தெரிந்தது.

கேட்பவர் குறைந்தால் சாதாரணப் பேச்சாளர் மேடையை விட்டு இறங்கிவிடுவார். தாங்களோ குரலை உயர்த்தினீர்கள். ஏற்பி குறையக் குறையத் தாங்கள் பெருகினீர்கள், தாங்கள் பெருகப் பெருக ஏற்பி மேலும் குறைந்தது. இந்த விடாமுயற்சியைச் சொல்லிப் பாராட்ட அவையோர் கைதட்டல் போதாது.

செவிசாய்க்காதவரையும் வாழவைப்பவரே!

தங்கள் ஆணைக்கு முன்போல் ஓடாத அந்த முதிய இதயம் என்ன ஆயிற்று? அமெரிக்காவின் பால்டிமோரில் 1958இல் தொடங்கிய முதுமை ஆய்வு, நலமான மனிதர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறது. எட்வர்ட் லக்கட்டாவின் குழு அங்கே 25 முதல் 79 வயதுவரை உள்ளவர்களை மிதிவண்டி மிதிக்க வைத்து இதயத்தைப் படம் பிடித்தது. 1984இல் வெளியான முடிவு இது: நலமான முதியவரின் நாடி இளைஞர் அளவுக்கு ஏறவில்லை. ஆனால் ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறையவில்லை. முதிய இதயம் கூடுதலாக விரிந்து, அதிக இரத்தத்தை வாங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாக வெளியேற்றியது. கூச்சலுக்கு ஆடுவதைக் குறைத்துக்கொண்டு, தசையை நீட்டிச் சுருக்கும் தன் பழைய அறிவால் அது சமாளித்தது.

உச்ச நாடித் துடிப்பு வயதோடு குறைவதற்குத் தாங்கள் ஒருவரே காரணம் என்று சொல்லித் தங்களுக்கு மிகையான பெருமை தர மாட்டோம். இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு, நரம்பின் தூண்டல் எதுவும் இல்லாமல் தானாகத் துடிக்கும் வேகமே வயதோடு தாழ்கிறது. தசை இளகுவதும் தாமதமாகிறது. இருபது வயதிலிருந்து எண்பதுக்குள், இதயக் கீழறை தொடக்கத்தில் நிரம்பும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. நிரம்பக் கூடுதல் நேரம் தேவைப்படும் இதயத்திடம் ‘இன்னும் வேகம், இன்னும் வேகம்’ என்று ஊக்கம் சொல்லத் தங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

தங்கள் பேச்சு முழுவதையும் கேட்டவர்கள் கதையும் நமக்குத் தெரியும். 1999இல் எலிகளின் இதயத்தில் பீட்டா-1 ஏற்பியை மிகுதியாக உண்டாக்கிப் பார்த்தார்கள். இளமையில் அந்த இதயங்கள் மற்றவற்றைவிட வலுவாகச் சுருங்கின. பின்னர் தசை தடித்தது, நார்கள் படர்ந்தன, இதயம் செயலிழந்தது. 2007இல் இதற்கு நேர் எதிரான ஒன்று வெளியானது. ஐந்தாம் வகை அடினைலைல் சைக்ளேஸை நீக்கிய எலிகள், அதாவது தங்கள் செய்தி பாதி வழியில் நின்றுபோன எலிகள், மற்றவற்றைவிட ஏறத்தாழ 30 சதவீதம் நீண்ட காலம் வாழ்ந்தன. முதுமை அவற்றின் இதயத்தை அவ்வளவாகத் தொடவில்லை. தங்களுக்குச் செவி கொடுத்தவர் பெற்ற பேறும், கொடுக்காதவர் பெற்ற பேறும் இவை.

துயர வீட்டுக்கு முந்தி வருபவரே!

கணவரின் மரணச் செய்தி வந்த வீட்டில் முதலில் வந்து நிற்பவர் தாங்கள்தான். தங்கள் உடன்பிறப்பு அட்ரினலினையும் அழைத்து வருவீர்கள். 1990இல் ஹிரோஷிமாவில் ஹிகாரு சாட்டோ விவரித்த தகோட்சுபோ என்னும் நோயில், கடும் துயரமோ அதிர்ச்சியோ தாக்கிய சில மணி நேரத்தில் இடக் கீழறையின் நுனி அசைவிழந்து உப்புகிறது. மாரடைப்பைப் போலவே நெஞ்சு வலிக்கும். இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. 2005இல் பால்டிமோர் மருத்துவர்கள் இப்படித் திடீர் மனத்துயரால் இதயம் தளர்ந்த 19 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 18 பேர் பெண்கள், பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதினர். அவர்கள் இரத்தத்தில் தங்கள் அளவு, கடும் மாரடைப்பு வந்தவர்களிடம் இருப்பதையும் மிஞ்சியிருந்தது.

அழுகையைத் தாங்கிக்கொள்ளவே வலுவில்லாத ஒரு தாயின் நெஞ்சில் இவ்வளவு பெருந்திரளாக வந்து துக்கம் விசாரித்தீர்கள். பெரும்பாலான இதயங்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. தேறியது தாங்கள் கலைந்து போன பிறகுதான்.

சீடர் கூட்டம் கண்ட ஆசானே!

தங்கள் வழியைப் பின்பற்றிய மருத்துவத்தையும் இங்கே வாழ்த்த வேண்டும். தளர்ந்த இதயத்துக்கு ஊக்கம் கொடுத்தால் எழுந்துவிடும் என்பது தங்கள் பாடம். கற்றறிந்த பலர் அதை நம்பினார்கள். பீட்டா ஏற்பியை ஓரளவு தூண்டும் சமோட்டெரால் மருந்தைக் கடும் இதயச் செயலிழப்புள்ள 516 பேரிடம் சோதித்தார்கள். 1990இல் முடிவு வந்தது. நூறு நாட்களுக்குள் மருந்து உண்டவர்களில் 9.1 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை உண்டவர்களில் 3.7 சதவீதம். ஏற்பியைத் தொடாமலே செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி.யைத் தேக்கிவைக்கும் மில்ரினோன் மாத்திரையை 1,088 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வில் மரணம் 28 சதவீதம் கூடியது. மருந்து உள்ளே போனதும் இதயம் வலுவாகச் சுருங்கியது உண்மை. தங்கள் பாடத்தில் பொய் ஏதும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் 1984இலேயே ஜே கோனும் அவருடைய குழுவும் 106 நோயாளிகளைப் பார்த்து ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். இரத்தத்தில் தங்கள் அளவு யாருக்கு மிகுதியோ அவரே விரைவில் இறக்கிறார். ஒருவருடைய வருகையைக் கொண்டு ஆயுளைக் கணிக்க முடிகிறது என்றால் அவர் எவ்வளவு செல்வாக்குள்ளவராக இருக்க வேண்டும்!

தங்களை மறுத்துப் பேசத் துணிந்தவர்களும் சுவீடனிலேயே இருந்தார்கள். கோட்டன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டீனும் கூட்டாளிகளும், தளர்ந்த இதயமுள்ள ஏழு நோயாளிகளுக்குப் பீட்டா தடுப்பானைக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975இல் எழுதினார்கள். ஏற்பியின் வாசலில் தங்களுக்கு முன்பாகப் போய் உட்கார்ந்து தங்களை உள்ளே விடாத மருந்து அது. தளர்ந்த இதயத்திடமிருந்து ஊன்றுகோலைப் பிடுங்குவதா என்று மருத்துவ உலகம் அதை ஏற்க மறுத்தது. இருபதாண்டுக்கும் மேலாகத் தங்கள் புகழ் அவ்வளவு உறுதியாக நின்றது. 1999இல் பிஸோப்ரோலால் மருந்தை 2,647 பேரிடம் சோதித்த ஆய்வில் மரணம் 34 சதவீதம் குறைந்தது. தொடர்ந்து பாதிப் பேரை வெற்று மாத்திரையில் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 2,128 பேரிடம் நெபிவோலால் மருந்தைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். அந்த வயதிலும், இறப்பும் இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்வதும் சேர்ந்த கணக்கு 35.3 சதவீதத்திலிருந்து 31.1 சதவீதமாகக் குறைந்தது. தங்களுக்குக் கதவடைத்த வீடுகளில் ஆயுள் நீண்டது.

காத்திருக்கும் பொறுமையே!

கதவடைத்தவர்மேல் தாங்கள் கோபம் கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். வெளியே நின்றபடியே இருக்கிறீர்கள். உள்ளே அமைதி திரும்பியதும் செல் மெல்ல நம்பிக்கை கொள்கிறது. மெட்டோப்ரோலால் போன்ற தடுப்பான்களின் காவலில் பீட்டா ஏற்பிகள் மறுபடி மேற்பரப்பில் முளைக்கின்றன. அந்த நேரம் பார்த்து யாராவது ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டால், புதிதாக முளைத்த ஏற்பிகள் அத்தனையிலும் தாங்கள் ஒரே நேரத்தில் வந்து அமர்கிறீர்கள். நாடி எகிறுகிறது, நெஞ்சு வலிக்கிறது. குழாயில் ஏற்கனவே அடைப்புள்ளவருக்கு மாரடைப்பும் வருகிறது. ப்ரோப்ரனலால் மாத்திரையைத் திடீரென விட்டவர்களுக்கு நேர்ந்தவை 1970களின் நடுவிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாயின. இத்தனை காலம் மறவாமல் காத்திருந்து, கதவு திறந்த நொடியில் உள்ளே நுழையும் தங்கள் பற்றுறுதியை என்னென்பது!

ஆகவே இந்த மாத்திரையைச் சிறிய அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவதும், விடுவதென்றால் மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைப்பதும் தங்கள் அன்பின் அளவை அறிந்தவர்கள் செய்யும் முறை. மாத்திரையால் களைப்போ தலைச்சுற்றலோ வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள் என்று வீட்டுப் பெரியவர்களை வேண்டிக்கொள்கிறோம். தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். வாசலில் நிற்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நிறைவாக ஒரு விண்ணப்பம்.

தங்களை அடியோடு விலகச் சொல்ல எங்களுக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. பாட்டி படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்கிவிடாமல் தாங்கிப்பிடிப்பவர் தாங்கள். இரத்தப்போக்கிலும் கடும் தொற்றிலும் உயிரைப் பிடித்துவைக்கத் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தங்களையே சிரையில் ஏற்றுகிறார்கள். தங்கள் முதல் நிமிடத்துக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். அதன் பிறகு வந்த ஆண்டுகளைத்தான் இந்த மடலில் எண்ணிக் காட்டினோம்.

படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கும் பெரியவரைப் பார்த்து, ‘நெஞ்சில் தெம்பில்லை’ என்கிறார்கள். அந்த இதயம் சோம்பேறி என்று நினைப்பது அநியாயம். அறுபது, எழுபது ஆண்டுகள் ஓயாமல் அழைக்கப்பட்ட ஒன்று, அழியாமல் இருப்பதற்காகத் தன் செவிகளில் சிலவற்றை மூடிக்கொண்டது. அதற்கு வேண்டியது மேலும் ஒரு தூண்டல் என்று நினைக்கும் வீடுகளிலும் மருந்தகங்களிலும் தங்கள் பாடம் இன்னும் படிக்கப்படுகிறது. நல்ல தூக்கம், சண்டையில்லாத முற்றம், அவரவர் வேகத்தில் நடக்க விடும் பொறுமை, உடலுக்கு ஏற்ற மருந்து: இவை தங்கள் வருகையைக் குறைப்பவை. முதியவரைப் பேணுவது என்றால் பெரும்பாலும் இவற்றைக் கொடுப்பதுதான்.

பெருந்தகையே, அழைத்தால் வாருங்கள். காரியம் முடிந்ததும் போய்விடுங்கள். இருபது வயதில் தாங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். அன்று தங்களைப் புகழ யாருக்கும் மடல் எழுதத் தோன்றவில்லை. எழுதும் தேவையும் இருக்கவில்லை.

இங்ஙனம்,
தங்கள் உதவி குறைந்ததால் இன்னும் துடித்துக்கொண்டிருப்பவர்கள்